தூக்கிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்

தொட்டிச் செடி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கேன் பிகோனியாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். மூங்கில் போலக் கணுக்கணுவாக நிமிர்ந்து வளரும் தண்டு, ஒரு பக்கம் சாய்ந்த இறக்கை மாதிரி இலை, மேலே வெள்ளிப் பொட்டு, அடியில் பீட்ரூட் நிறம் என்று. அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கிப் பார்த்தால், முக்கால்வாசி கடைசியில் தண்ணீரில் போய் நிற்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்கத் தண்ணீரே இருக்கட்டும்.

*

"அம்மா, வெள்ளைப் புள்ளி பிகோனியா வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு டம்ளர் ஊற்றச் சொன்னார்கள். தவறாமல் ஊற்றுகிறேன். அடி இலைகள் மஞ்சளாகி விழுகின்றன, செடி துவண்டு நிற்கிறது. வாடுகிறதே என்று இன்னொரு டம்ளர் சேர்த்து ஊற்றினேன். இன்னும் மோசம். மண் ஈரமாகத்தான் இருக்கிறது." (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி)

முதலில் அந்த டம்ளரைக் கீழே வையுங்கள்.

செடி தலை சாய்ந்தால் நம் கை தானாகச் சொம்பைத் தேடும். அது நம் வளர்ப்பு, உங்கள் தப்பில்லை. ஆனால் மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டால் அது தாகம் அல்ல. வேர் போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீர் பக்கத்திலேயே கிடக்கிறது, குடிக்க வாய் இல்லை.

பிகோனியாவின் வேர் செம்பருத்தி வேர் மாதிரி முரட்டு வேர் அல்ல, தலைமுடி போன்ற சல்லி வேர். மண்ணில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கும் சந்தில் காற்று இருந்தால்தான் அது மூச்சு விடும். அந்தச் சந்தெல்லாம் எந்நேரமும் தண்ணீர் நிறைந்து நின்றால் முதலில் வேர் நுனி சாகும், செத்த நுனி வழியாக அழுகல் ஏறும். மேலே இலை மஞ்சளாவது நம் கண்ணில் படும்போது, கீழே இந்த வேலை நடந்து பத்து நாளாவது ஆகியிருக்கும்.

"காட்டில் ஈரத்தில்தானே வளர்கிறது?" என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். கேன் பிகோனியாவின் சொந்த ஊர் பிரேசில் பக்கத்து மழைக்காடு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பிகோனியா மலபாரிகா போன்ற காட்டு வகைகள் ஓடையோரம் நிழலில் நிற்கும். நாங்கள் கோத்தகிரியில் நர்சரி வைத்திருந்த காலத்தில் நீர் கசியும் பாறை இடுக்குகளில் இப்படிப்பட்ட செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒன்றின் அடியில் விரலை விட்டால் ஒரு பிடி பாசி, ஒரு பிடி இலைமக்கு, அதற்கப்புறம் பாறைதான். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், போய்க்கொண்டும் இருக்கும். நம் வீட்டுத் தொட்டியில் அது வருகிறது, போவதில்லை.

நாள் கணக்கு சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். கடையில் நாலு பேர் நிற்கும்போது கேட்டால் நானும் அப்படி ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பேன். சொல்லவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தச் செடிக்குக் கிழமை தெரியாது. இப்போது கோவையில் மூன்றாவது மாடியில், கிழக்கு ஜன்னல் ஓரத்தில் ஒன்று வைத்திருக்கிறேன். ஆறு அங்குல பிளாஸ்டிக் தொட்டி. சும்மா ஒரு வேடிக்கைக்காகச் சமையலறைத் தராசில் அதை நிறுத்துக்கொண்டே வந்தேன். நன்றாக நனைத்து, சொட்டு நின்றதும் 1 கிலோ 600 கிராம். மறுபடி தண்ணீர் கேட்கும்போது 1 கிலோ 150. இந்த 450 கிராம் குறைய ஏப்ரலில் நாலு நாள் ஆனது. நவம்பரில், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு வாரத்தில், பத்து நாள் ஆனது. அதே செடி, அதே தொட்டி, அதே ஜன்னல். இதற்கு எந்தக் கிழமையைச் சொல்வது?

தராசு எல்லாம் வேண்டாம், கை போதும். நன்றாக நனைத்த அன்று தொட்டியை ஒருதரம் தூக்கிப் பாருங்கள். மூன்றாம் நாள் தூக்குங்கள், ஐந்தாம் நாள் தூக்குங்கள். ஒரு மாதத்தில் கை கற்றுக்கொள்ளும், தோசை மாவுப் பதம் தெரிவது மாதிரி. எங்கள் நர்சரியில் தண்ணீர் ஊற்றிய பெரியவர் தூக்கக்கூட மாட்டார். வரிசையாக மண் தொட்டிகளை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடப்பார். காய்ந்த தொட்டி 'டங்' என்று மணி போலக் கேட்கும், ஈரத் தொட்டி 'தொப்' என்று அடங்கும். 'டங்' சொன்னதற்கு மட்டும் குழாய் திரும்பும். பிளாஸ்டிக் தொட்டியில் இந்த வித்தை பலிக்காது.

விரலை விட்டும் பார்க்கலாம். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை, அதாவது ஓர் அங்குலம், காய்ந்திருக்க வேண்டும். மேலே தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். இப்போது கடைகளில் வரும் செடிகள் பெரும்பாலும் வெறும் தென்னை நார்க்கழிவில் வருகின்றன. அந்தக் கோகோபீட் மேலே வெளிறிப் பொரபொரவென்று இருக்கும், ஓர் அங்குலம் தோண்டினால் பிழிந்தால் சொட்டுகிற ஈரம். உங்கள் தொட்டியும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

காய்ந்துவிட்டது என்று தெரிந்தால் டம்ளர் கணக்குக் கூடாது. சுற்றிலும் மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியாகத் தண்ணீர் ஓடும்வரை ஊற்றுங்கள். ஊற்றினால் முழுக்க ஊற்ற வேண்டும், இல்லையென்றால் ஊற்றவே கூடாது. அரை மணி கழித்துத் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள்.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். அழகுக்காக வெளியே இன்னொரு பீங்கான் தொட்டி போட்டிருக்கிறீர்களா? நிறையப் பேர் போட்டிருப்பார்கள். உள்தொட்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். இரண்டு அங்குலம் பழுப்புத் தண்ணீர் நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான். அப்புறம் செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். வேர் வெளுப்பாக, இழுத்தால் விறைப்பாக இருந்தால் பிழைத்தது, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வெளிச்சத்தில் வைத்தால் போதும். வேர் பழுப்பாகி, விரலால் நீவினால் மேல்தோல் உறை மாதிரி கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். சாக்கடை வாடை அடிக்கும். அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய வேர் பிடிக்கும் அளவுக்குச் சின்னத் தொட்டியில் புது மண்ணில் வையுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் காயவே காயாது, மறுபடி அதே கதை.

தண்டின் அடியே கொழகொழவென்று ஆகிவிட்டதா? மேலே கெட்டியாக இருக்கும் பாகத்தில் மூன்று கணு வைத்து வெட்டி, ஒரு கணு முங்கும்படி தண்ணீரில் நிறுத்துங்கள். கேன் பிகோனியா தண்ணீரில் சுலபமாக வேர் விடும். மூன்று நாலு வாரத்தில் வேர் தெரியும். அம்மா போனாலும் பிள்ளை பிழைக்கும்.

*

"அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்கிறார்களே, எத்தனை அங்குலம் போடலாம்?" (ஈரோடு வாசகர்)

போட வேண்டாம். நானும் பத்து வருடம் போட்டவள்தான். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எடுத்து முழுக்க நனைத்து, படுக்கைவாட்டில் உள்ளங்கையில் வையுங்கள். சொட்டுவது நிற்கட்டும். நின்றதும் அப்படியே செங்குத்தாக நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி தண்ணீர் கொட்டும். உயரம் கூடினால் வடிகிறது, உயரம் குறைந்தால் பிடித்துக்கொள்கிறது. தொட்டி மண்ணும் அதே ஸ்பாஞ்சுதான். எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு ஈரப் பட்டை நிற்கும். ஜல்லி போட்டால் அந்தப் பட்டை மறைவதில்லை, ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் கிட்டே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

மண் ஒழுகாமல் இருக்கத் துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வையுங்கள், போதும். வடிய வேண்டுமானால் மண்ணைத்தான் மாற்ற வேண்டும். நான் கலப்பது: கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி இருக்கும் வெள்ளை எரிமலைக் கல் துகள்) அல்லது கரியாக்கிய உமி ஒரு பங்கு. தோட்டத்துச் செம்மண்ணை வீட்டுக்குள் இருக்கும் பிகோனியாவுக்கு நான் சேர்ப்பதில்லை. இறுகிவிடும். களிமண்ணை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

*

"பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். பிகோனியா கருவாடாகக் கிடந்தது. ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் நொடியில் கீழே ஓடிவிடுகிறது. செடி அப்படியே கிடக்கிறது." (திருச்சி வாசகி)

மண் முற்றிலும் காய்ந்து சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகியிருக்கும். உற்றுப் பார்த்தால் சுற்றிலும் ஒரு நூலிழை இடைவெளி தெரியும். நீங்கள் ஊற்றுவது அந்தச் சந்து வழியாகக் கீழே போய்விடுகிறது, நடு உருண்டைக்கு ஒரு சொட்டும் போவதில்லை.

வாளியிலோ டப்பிலோ தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, தொட்டியை அதில் இறக்கி வையுங்கள். முதலில் மிதக்கும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். குமிழ் வரும். அரை மணியில் மேல்மண் நிறம் மாறி ஈரம் ஏறியதும் எடுத்து, நன்றாக வடியவிட்டு நிழலில் வையுங்கள். தண்டு பச்சையாக இருந்தால் மறுநாள் காலைக்குள் பாதி நிமிர்ந்துவிடும். ஓரம் கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, அதைக் கிள்ளிவிடலாம். வந்த குற்ற உணர்ச்சியில் அடுத்த நாளும் ஊற்றிவிடாதீர்கள். பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரு வேளை விருந்துக்கு மேல் தாங்காது.

*

"செடி நன்றாக இருக்கிறது, புது இலையும் விடுகிறது. ஆனால் எல்லா இலையும் ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிறது. மண்மேல் வெள்ளையாகப் படிகிறது, பூஞ்சையா? எங்கள் அடுக்ககத்தில் போர்த் தண்ணீர். மென்மையாக்கும் இயந்திரம் போட்டிருக்கிறார்கள்." (வேளச்சேரி வாசகர்)

பூஞ்சை இல்லை, உப்பு. சுரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் கரையும், பூஞ்சை என்றால் பஞ்சுபோல இருக்கும். செடி தண்ணீரை இழுக்கிறது, இலை வழியாக ஆவியாக விடுகிறது. கூட வந்த உப்புக்கு வெளியேற வழியில்லை, இலை விளிம்பில் சேர்ந்து அங்கேயே சுட்டுவிடுகிறது.

அந்த இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. குளித்தால் சோப்பு நுரைக்கும், கீசர் அடைக்காது, நமக்கு நல்லது. ஆனால் மொத்த உப்பு குறைவதில்லை, ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். செடிக்குப் பழைய ஆளே மேல். சுண்ணாம்பையாவது கொஞ்சம் சாப்பிடும், சோடியத்தை என்ன செய்யும்? இயந்திரத்துக்குப் போகாத குழாய் ஏதாவது இருக்கிறதா என்று காவலாளியிடமோ பிளம்பரிடமோ விசாரியுங்கள்.

ஆர்.ஓ. மெஷினில் குழாய் வழியாக வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிற சிக்கனசாலிகள் இருக்கிறார்கள். தரை துடைக்க, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாளியில் ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். குளோரின் பறக்கும், உப்பு எங்கேயும் போகாது.

அப்படியானால் என்ன ஊற்றுவது? மழைத் தண்ணீர் கிடைத்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஐப்பசி கார்த்திகையில் முதல் பத்து நிமிட மழையைப் போகவிட்டு, அப்புறம் பிடித்து மூடி வையுங்கள். கோடையில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அதில் உப்பே கிடையாது, காற்றின் ஈரம்தானே. செடிக்கு அதிகமாகத் தேவைப்படும் மாதத்தில்தான் அதுவும் அதிகமாகச் சொட்டும். எனக்கு இங்கே சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் கவலையில்லை. போர்த் தண்ணீர் வருகிற நாளில் நானும் ஏ.சி. வாளியைத்தான் தேடுகிறேன். (கேன் பிகோனியாவுக்குக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் பொருத்தம் நன்றாக இருக்கிறது, செலவுதான் கூடுதல்.)

இப்போது படிந்திருப்பதைக் கழுவ வேண்டும். மேலே உள்ள வெள்ளை மண்ணை அரை அங்குலம் வழித்து எறியுங்கள். தொட்டியைக் குளியலறையில் வைத்து, ஆறு அங்குலத் தொட்டிக்கு ஐந்தாறு லிட்டர் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி ஓடவிடுங்கள். கால் மணி எடுத்துக்கொண்டு செய்யுங்கள், அவசரமாகக் கொட்டினால் உப்பு கரையாது. இரண்டு மாதத்துக்கு ஒருதரம் இப்படிச் செய்தால் போதும். அதிகமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்றாயே, இது என்ன என்று கேட்பீர்கள். ஒரேயடியாக எவ்வளவு ஊற்றினாலும் இது சாகாது, வடிய வழியிருந்தால். அடிக்கடி ஊற்றினால்தான் சாகும்.

*

"தினமும் இலைமேல் ஸ்ப்ரே பண்ணலாமா?" (மதுரை வாசகி)

வேண்டாம். ஈரம் இலையில் பத்து நிமிடம் நிற்கும், காற்றின் ஈரப்பதம் அதனால் கூடிவிடாது. காற்றோட்டமில்லாத அறையில் இலை நனைந்தபடி இருந்தால் இலைப்புள்ளியும் பூஞ்சை அழுகலும் வரும், பிகோனியாவுக்கு அவை சொந்தக்கார வியாதிகள். தூசி படிந்தால் காலையில் ஈரத்துணியால் துடையுங்கள். ஊற்றும்போதும் மண்ணில் ஊற்றுங்கள், தலையில் அபிஷேகம் வேண்டாம்.

*

"அரிசி களைந்த தண்ணீர்?" (கும்பகோணம் வாசகி)

வாசலில் இருக்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் புளித்து வாடை வரும், சின்னக் கறுப்புக் கொசு மாதிரி ஒன்று மண்ணிலிருந்து கிளம்பி உங்கள் காபித் தம்ளரைச் சுற்றும்.

*

"பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பன்னிரண்டு நாள் ஆகும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகலாமா?" (சேலத்திலிருந்து ஒரு தம்பி)

சாவி கொடுங்கள், சொம்பு கொடுக்காதீர்கள். நாம் இல்லாதபோது செடி வாடிவிட்டால் பெயர் கெட்டுவிடுமே என்ற பயத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் தினமும் ஊற்றிவிடுவார்கள். எனக்கே ஒருமுறை அப்படி நாலு தொட்டி போனது. அவர்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, "நல்லா பார்த்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு வந்து அழுதேன்.

தை மாதத்துக் குளிரில் பன்னிரண்டு நாள் பெரிய விஷயம் இல்லை. கிளம்பும் அன்று நன்றாக நனைத்து, வடியவிட்டு, ஜன்னலிலிருந்து ஆறடி உள்ளே தள்ளி வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் குடிப்பதும் குறையும். சித்திரையில் போவதாக இருந்தால் திரி போடுங்கள். சுண்டுவிரல் தடிமனுள்ள பருத்திக் கயிற்றை நனைத்து, ஒரு முனையை மண்ணுக்குள் மூன்று அங்குலம் செருகி, மறுமுனையைப் பக்கத்தில் உள்ள தண்ணீர்ப் பாத்திரத்தின் அடிவரை விடுங்கள். பாத்திரத்தின் தண்ணீர் மட்டம் தொட்டி மண்ணைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக வைத்தால் ஒரே இரவில் மொத்தமும் தொட்டிக்குள் இறங்கிவிடும். போவதற்கு ஒரு வாரம் முன்பே போட்டுச் சோதித்துப் பாருங்கள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கவலைப்பட்டுப் பயனில்லை.

*

"நாலு வருடச் செடி. மூன்றடி உயரம். அடியிலிருந்து மொட்டைத் தண்டு, உச்சியில் மட்டும் ஏழெட்டு இலை. தண்ணீர் போதவில்லையா, கூடிவிட்டதா?" (ஏற்காடு வாசகர்)

இரண்டும் இல்லை, வயது. கேன் பிகோனியா அடியிலிருந்து மாதம் ஓரிரண்டு இலைகளை உதிர்ப்பது வழக்கம். ஒரே வாரத்தில் ஏழெட்டு விழுந்தால்தான் விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும்.

தைரியமாகக் கத்தரியுங்கள். ஒவ்வொரு தண்டிலும் மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணு மட்டும் விட்டு மேலே உள்ளதை எடுத்துவிடுங்கள். எல்லாத் தண்டையும் ஒரே நாளில் வெட்ட மனம் வராவிட்டால் பாதியை இப்போது, பாதியை அடுத்த மாதம். விட்ட கணுவிலிருந்து துளிர் வரும்.

வெட்டிய பிறகுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நேற்றுவரை குடித்துக்கொண்டிருந்த இலைகள் இன்று இல்லை. தொட்டி அதே தொட்டி. நாலு நாளில் காய்ந்தது இனிப் பத்து நாள் ஆகும், உங்கள் ஊர்க் குளிரில் இன்னும் கூடத் தள்ளும். பழைய பழக்கத்தில் ஊற்றினால் துளிர் வருவதற்குள் வேர் போய்விடும். சுண்டைக்காய் அளவு துளிர் தெரியும்வரை தூக்கிப் பார்த்துத் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும்.

வெட்டிய உச்சிகளை எறிந்துவிடாதீர்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஊறுகாய்ப் பாட்டிலில் நிறுத்தி ஜன்னலில் வையுங்கள், தண்ணீரை வாரம் இருமுறை மாற்றுங்கள். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மூன்றையும் நாலையும் சேர்த்து ஒரே தொட்டியில் நடுங்கள். தனித்தனியாக நட்டால் மறுபடி நாலு மொட்டைக் குச்சிதான் வரும்.